சாட்சி சொன்னவர் மறுபடி குடித்துவிட்டார். இந்த ஊழியத்தை நான் விட்டுவிடலாமா?

குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 59. நான்கு ஆண்டுகளாகத் தம் சபையின் பெண்கள் சங்கத்தாரோடு சேர்ந்து, கேரள எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலையைத் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும், குடிநோயாளி ஆண்களுக்கான மறுவாழ்வு இல்லத்துக்கு வாரம் இரண்டு நாள் போய்வருகிறார். 22 பேர் தங்கும் இல்லம், 90 நாள் திட்டம். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சமைத்துக் கொண்டுபோவது, பாட்டும் ஜெபமும் நடத்துவது, எழுத வராதவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பது ஆகியவை இவர்கள் வேலை.

அங்கே இருந்தவர்களில் ஒருவர் 41 வயது ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. 60ஆம் நாளில் அவரைக் கன்வென்ஷன் என்ற பெரிய ஜெபக் கூட்டத்தின் மேடையில் ஏற்றி, குடியிலிருந்து விடுபட்டதைச் சாட்சியாகச் சொல்ல வைத்தார்கள். "நல்ல சட்டை இல்லை என்று கூச்சப்பட்டார். என் கணவரின் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தேன். மைக்கைப் பிடித்த விரல்களில் ரப்பர் பால் கறை கறுத்துக் கிடந்தது" என்று எழுதுகிறார் சகோதரி. அந்தக் காணொளி வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போனது. 90 நாள் முடித்து வீடு திரும்பிய பதினோராம் நாள் அவர் குடித்தார். மூன்று வாரமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். சபையார் யாரையாவது கண்டால் ஊடுவழியில் இறங்கி மறைந்துவிடுகிறார். வெள்ளைச் சட்டையை மட்டும் துவைத்து, தேய்த்து, மகள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"என் விசுவாசத்தில் குறையா? மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று அவர் கையில் 3,000 ரூபாய் கொடுத்தேனே, அதில்தான் குடித்தாரா? காப்பியில் கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்கிறதாமே என்று அவர் மனைவி கேட்கிறாள், வாங்கட்டுமா? இல்லத்தில் நான் பார்த்த சில காரியங்கள் மனத்தை உறுத்துகின்றன. வெளியே சொன்னால் ஊழியம் கெட்டுவிடுமா? நான் நின்றுவிடலாமா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடிநோயாளிகளைப் பார்த்துவரும் மனநல மருத்துவனும்கூட. இரண்டு நிலையிலிருந்தும் சொல்கிறேன். அவர் குடித்ததற்கு உங்கள் விசுவாசக் குறைவு காரணம் இல்லை. ஊழியத்தை விட வேண்டாம். ஆனால் இப்போது அங்கே நடக்கிற விதத்தில் சிலவற்றை நீங்கள் விட்டே ஆக வேண்டும். அவற்றில் முதலாவது, 60ஆம் நாளில் ஒரு மனிதரை மேடையில் ஏற்றுவது.

சாட்சி மேடை

மதுவை நிறுத்திய முதல் மூன்று மாதங்கள்தான் மிகவும் வழுக்கலான காலம். மறுபடி குடிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்துக்குள்தான் குடிக்கிறார்கள். உங்கள் சகோதரர் தமது 60 நாளையும் பூட்டிய கேட்டுக்குள் கழித்தவர். மதுக்கடை வழியாக ஒரு சாயங்காலம்கூட அவர் இன்னும் நடந்து பார்க்கவில்லை. அவருடைய தொழிலை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போகிறார். மதியத்துக்குள் பால் எடுத்து முடிந்துவிடுகிறது. அதன்பின் இரவுவரை வெறும் பொழுது. மழைக்காலத்தில் வெட்டே இல்லாமல் நாள் கணக்காகச் சும்மா இருக்க வேண்டும். எல்லைக்கு இந்தப்புறம் ஒரு கடை, அந்தப்புறம் ஒரு கடை. ஒன்றாம் தேதி கேரளத்தில் மூடியிருந்தால் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைக்கு வந்தால் போதும். இந்த வெறும் பொழுதை என்ன செய்வது என்று அவரோடு உட்கார்ந்து யாராவது பேசினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. மேடைதான் இருக்கிறது.

ஊரறிய "விடுதலை பெற்றேன்" என்று சொன்னவர் சறுக்கும்போது, தம் சறுக்கலோடு சேர்த்துச் சபையின் மானத்தையும் கெடுத்துவிட்டதாக உணர்கிறார். அப்போது வந்து ஒப்புக்கொள்வது மிகக் கடினம், ஒளிந்துகொள்வது எளிது. முதல் குவார்ட்டர் குடித்த மறுநாளே அவர் உங்களிடமோ என்னிடமோ வந்திருந்தால் சில நாளில் நிலைமையைத் திருப்பியிருக்கலாம். ஒளிந்ததால் மூன்று வாரம் ஓடிவிட்டது. சபையில் "பின்மாற்றக்காரன்", அதாவது விசுவாசத்திலிருந்து பின்வாங்கியவன், என்று பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் அவர் காதுக்கும் போயிருக்கும்.

தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கிய இயேசு அவனிடம் என்ன சொன்னார் என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே நீங்கள் கற்பித்திருப்பீர்கள். இதை யாருக்கும் சொல்லாதே, போய் ஆசாரியனிடம் உன்னைக் காண்பி என்றார். நோய் தீர்ந்ததா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்றைக்கு ஆசாரியனுடையது. இந்தப் பகுதியை உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருநாள் எடுத்துப் பேசுங்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் குழு. பெயர் வெளியிடாமை என்பதை அவர்கள் குழுவின் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். அறைக்குள் மனம் திறந்து பேசுவார்கள். பத்திரிகையிலோ திரையிலோ தம் முகத்தையும் முழுப்பெயரையும் காட்டுவதில்லை. சாட்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இல்லத்துக்குள், வட்டமாக உட்கார்ந்து, அன்றைய நாளைப் பற்றி மட்டும் பேசட்டும். மேடை வேண்டுமானால் அவர் வெளியே ஓராண்டு வாழ்ந்த பிறகு, அவரே வந்து கேட்டால் பார்க்கலாம்.

அந்தக் காணொளியை யார் யார் பகிர்ந்தார்களோ அவர்களிடம் நேரில் போய் நீக்கச் சொல்லுங்கள். சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தருவதை மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. இணையத்துக்கும் அது பொருந்தும். "அவர் சரி என்றுதானே மேடை ஏறினார்" என்று நீங்கள் கேட்கலாம். படுக்கையும் சாப்பாடும் உங்களிடம் பெறுகிற ஒருவர் உங்களிடம் எப்படி மாட்டேன் என்பார்?

மாத்திரையை நிறுத்தியது

15ஆம் நாளில் இல்லத்துக் கண்காணிப்பாளர் அவருடைய மாத்திரைகளை நிறுத்திவிட்டார், "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை எதற்கு" என்று சொன்னார், நீங்களும் ஆமோதித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கண்காணிப்பாளரின் பயத்தில் பாதி நியாயம் உண்டு. குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கத்துக்குக் கொடுக்கிற குளோர்டயசெப்பாக்சைடு, டயசெபாம் போன்றவை நீண்டநாள் சாப்பிட்டால் பழக்கமாகிவிடும். அதனால்தான் அவற்றை ஒரு வாரம், பத்து நாளுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறோம்.

ஆனால் குடிக்கும் வேட்கையைத் தணிக்கிற நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் வேறு வகை. அவை போதை தருவதில்லை, பழக்கமாவதும் இல்லை. ஈரல், சிறுநீரகப் பரிசோதனை செய்து, ஆளைப் பார்த்துக் கொடுப்போம்; பல மாதங்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். தயமின் என்பது வெறும் பி1 வைட்டமின். பல ஆண்டு குடித்தவரின் உடலில் அது வற்றிப்போயிருக்கும், அது இல்லாமல் போனால் நினைவாற்றலே அழிந்துவிடலாம். உங்கள் சகோதரர் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். என் நோயாளிகளில் முழங்கால்படியிட்டு ஜெபித்துவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து மாத்திரையைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் மோதுவதாக அவர்கள் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வலிப்பு வந்த இரவு

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கடித்த பகுதி இதுதான். ஒருவர் மாலையில் வந்து சேர்ந்தார், மறுநாள் இரவு வலிப்பு வந்தது, கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், "அசுத்த ஆவி போராடுகிறது" என்று விடியும்வரை சுற்றி நின்று ஜெபித்தீர்கள். அவர் பிழைத்தது பெரிய இரக்கம். அடுத்தவரும் பிழைப்பார் என்று எண்ணிவிடாதீர்கள்.

தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வரும்: சுவரில் பூச்சி ஊர்வதாகத் துடைப்பார்கள், அங்கே இல்லாத ஆளோடு சண்டை போடுவார்கள், பயந்து ஓடுவார்கள், காய்ச்சலும் வியர்வையுமாக இருப்பார்கள். பார்க்கிறவர்களுக்குப் பிசாசு பிடித்ததுபோலவே தோன்றும். சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரை எடுக்கும். சிகிச்சை கொடுத்தால் சில நாளில் தெளிந்துவிடும்.

ஆகவே கேட்டைத் திறந்து ஒருவரை உள்ளே விடும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது குடித்தார்? தினமும் எவ்வளவு? முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா? வந்தது என்றால் முதல் வாரம் அவருக்கு மருத்துவமனைதான் இடம்; அது முடிந்தபின் இல்லம். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், இரும்பு வேண்டாம். 108க்கு அழையுங்கள், எல்லைக்கு இருபுறமும் அதே எண்தான். நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை தாராளமாக ஜெபியுங்கள்.

பூட்டிய கேட்டும் சட்டமும்

"இது சபையின் ஊழியம், ஆஸ்பத்திரி இல்லை, எனவே பதிவு தேவையில்லை" என்று நிர்வாகி சொல்வது தவறு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் அதில் அடங்கும். அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம், யார் நடத்தினாலும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் இல்லம் இருப்பது கேரள மண்ணில். எனவே அங்கே உள்ள ஆணையம். தங்கியிருப்பவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதால் இது மாறாது. பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் லட்சக் கணக்கில் போகும்.

"மனைவி கையெழுத்துப் போட்டிருக்கிறாள், ஆகவே 90 நாள் வெளியே விட வேண்டியதில்லை" என்பதும் சரியில்லை. தாமாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால் போகலாம். உயிருக்கு ஆபத்து போன்ற காரணம் இருந்தால் மட்டுமே மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம்வரை நிறுத்திவைக்க முடியும். சம்மதமில்லாதவரைச் சேர்க்க வேண்டுமானால் மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு வல்லுநரும் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், முதலில் 30 நாள்தான், இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வந்த அன்றே கட்டாயமாக மொட்டையடிப்பதைச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. சம்பளமில்லாமல் இல்லத்து ரப்பரை வெட்ட வைப்பதும் கூடாது. தனியறையில் அடைப்பதும் சங்கிலியும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஜெபத்துக்கு வராதவருக்கு அன்று போன் இல்லை என்ற விதியை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டாரோடு பேசுவது அவருடைய உரிமை. 22 பேரில் ஏழு பேர் இந்துக்கள், ஒருவர் இஸ்லாமியர் என்கிறீர்கள். அவர்கள் ஜெபத்தில் உட்காரலாம், உட்காராமலும் இருக்கலாம். உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் ஒரே மீன் குழம்பு கிடைக்க வேண்டும்.

புகார் கொடுத்தால் இல்லம் மூடப்பட்டு 22 பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்களோ என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி நாட்டில் 5.7 கோடிப் பேருக்கு மதுப் பிரச்சினைக்கு உதவி தேவை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். இந்த நிலையில் தோட்டத்துக்குள் 22 கட்டில் போட்டு வைத்திருப்பது சின்னக் காரியம் இல்லை. அது மூடப்படக் கூடாது, திருந்த வேண்டும். ஆகவே முதலில் சங்கத்தார் நான்கைந்து பேர் கையெழுத்திட்டு நிர்வாகக் குழுவுக்கும் ஆயருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். பதிவுக்கு விண்ணப்பம், வாரம் ஒருமுறை வந்துபோகும் மருத்துவர், மாத்திரையைத் தம் விருப்பப்படி நிறுத்தாமை, போன், வேலைக்குக் கூலி என்று கேட்க வேண்டியவற்றை எழுதி, ஒரு மாதம் தவணை கொடுங்கள். நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். ஆனால் அடி, சங்கிலி, தனியறை இவற்றில் ஒன்றை உங்கள் கண்ணால் பார்த்தால் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே சொல்லுங்கள்.

அந்தப் பொடி

வாங்க வேண்டாம். தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாரும் அறிய முடியாது. குடியை உடல் ஏற்காதபடி செய்யும் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, இதயமே நின்றுபோகலாம். அந்த மருந்தை நாங்களும் கொடுப்பதுண்டு. குடித்தால் என்ன ஆகும் என்று சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே கொடுப்போம். அவர் மனைவியிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

3,000 ரூபாயும் இரவு 11 மணி அழைப்பும்

அந்தப் பணத்தில் குடித்திருக்கலாம். இல்லாவிட்டால் கடன் சொல்லிக் குடித்திருப்பார். குற்றவுணர்வு வேண்டாம், வழியை மாற்றுங்கள். இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் இரண்டு பணத்தை அவன் கையில் கொடுக்கவில்லை. சத்திரக்காரனிடம் கொடுத்தான், மறுநாள் தன் வேலையைப் பார்க்கப் புறப்பட்டும் போனான். மகளின் கட்டணத்தைப் பள்ளி அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

இல்லத்திலிருந்து போனவர்கள் இரவு 11 மணிக்கு "டீச்சர், ஒரு ஜெபம்" என்று அழைப்பதாகவும், எடுக்காமல் விட மனம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஓரமாக ஒரு வரி இருக்கிறது: "என் அண்ணனும் இப்படித்தான் போனான், அன்று நான் கதவைத் திறக்கவில்லை." சகோதரி, உங்கள் பதினோரு மணி அழைப்புகளுக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அன்றைக்கு உங்களுக்கு 22 வயது. ஒரு கதவால் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. சிகிச்சை அவருக்குக் கிடைக்கவே இல்லை. இதைப் பற்றி யாரிடமாவது பேசி அழுதிருக்கிறீர்களா? இல்லையென்றால் என்னிடமோ வேறொரு ஆலோசகரிடமோ ஒருமுறை வந்து பேசுங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே கூடுகிற அல்-அனான் குழுக்களும் உண்டு.

இரவு 9 மணிக்குமேல் போனை அணைத்து வையுங்கள். அந்த நேரத்துக்கு மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும், போதை மீட்புக்கான 14446 எண்ணையும் எல்லோருக்கும் எழுதிக்கொடுங்கள். இல்லத்துக்கோ வீடுகளுக்கோ தனியாகப் போகாதீர்கள், இருவராகப் போங்கள்.

இப்போது அவர் வீட்டுக்கு

இந்த வாரமே போங்கள். போதகரை அழைத்துப் போக வேண்டாம். சங்கத்தில் அதிகம் பேசாத ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். சட்டையைத் துவைத்துத் தேய்த்து அனுப்பியவர் உங்களோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. எனக்கு அது அப்படித்தான் படுகிறது. காலையில் போனால் நல்லது, பால் எடுத்து வந்தபின் குடிக்கப் போகுமுன் உள்ள நேரம். மேடையைப் பற்றியோ பாவத்தைப் பற்றியோ பேச்செடுக்காதீர்கள். "அந்த மேடையில் உங்களை ஏற்றியது எங்கள் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். திடீரென்று தாமாக நிறுத்த வேண்டாம், வலிப்பு வரும், மருத்துவரோடு சேர்ந்து நிறுத்தலாம் என்றும் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட யார் வருவார்கள், எந்த பஸ் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

முதல் முறை அவர் வெளியே வராமலே இருக்கலாம். அவர் மனைவியோடு திண்ணையில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, அந்தத் தாளை வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் மறுபடி போங்கள்.